கண்ணாடிக்குள் ஒரு கயிற்றுக் கட்டில்

அன்புள்ள தம்பி,

கவரைப்பேட்டை அருகே அப்பா ஓட்டிவந்த கம்பெனி வேனின் பின் கண்ணாடி, கல் படாமல் கை படாமல் பொலபொலவென்று கொட்டிப்போனதை எழுதியிருந்தாய். வேனில் இருந்தவர்களில் பாதிப்பேர் "வெயிலுக்கு வெடிச்சிடுச்சு" என்றார்களாம். மீதிப்பேர் கண் பட்டுவிட்டதென்று எலுமிச்சம்பழம் தேடினார்களாம். எலுமிச்சம்பழக்காரர்களை நான் மன்னித்துவிடுவேன். வெயில்காரர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. வேனின் பின்னால் இருப்பது டஃபன் (கடினப்படுத்திய) கண்ணாடி; பழுதில்லாமல் இருந்தால் அது சுமார் 200 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டைத் தாங்கும். நம் சித்திரை வெயில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிஎம்டி கம்பி உருட்டுவதை நீ பார்த்திருப்பாய். செக்கச்செவேல் என்று வரும் கம்பி தண்ணீர்ப் பெட்டிக்குள் பாய்ந்து வெளிவரும். மேல்தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே இன்னும் தகிக்கும். கண்ணாடியையும் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். ஒப்புமையை இதோடு நிறுத்திக்கொள். இரும்பில் உள்கட்டமைப்பே மாறும், கண்ணாடியில் மாறாது. கண்ணாடியில் நடப்பது வேறு. மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்பகுதி குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். இறுகிய தோல் அதை விடாது.

என் பாட்டி வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள். கயிறு சட்டத்தை உள்ளே இழுக்கிறது, சட்டம் அமுங்கி நின்று தாங்குகிறது. டஃபன் கண்ணாடியின் தோல்தான் சட்டம், உள்பகுதிதான் கயிறு. தோலில் லேசாகக் கீறல் விழுந்தால் அமுக்கம் அதை வாய் திறக்க விடாது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலிமை இதற்கு வருவது இப்படித்தான். அந்தத் தோலின் ஆழம் ஒவ்வொரு பக்கமும் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். கீறல் அதைத் தாண்டிக் கயிற்றைத் தொட்டதோ, கட்டிலே அவிழ்ந்தது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, ஒருமுறை பட்டறையில் காஸ் வெல்டிங்காரரைக் கெஞ்சிக் கண்ணாடிக் குச்சியை உருக்கித் தண்ணீர் வாளியில் சொட்டவிட்டேன். மூன்றாவது சொட்டு, தலைப்பிரட்டை போல வாலோடு உறைந்தது. தலையில் சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. வால்நுனியைக் குறடால் கிள்ளினேன், மொத்தமும் தூள். இதற்கு இளவரசர் ரூபர்ட்டின் துளி என்று பெயர். லண்டன் ராயல் சொசைட்டியில் 1661இலேயே இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1665இல் வந்த 'மைக்ரோகிராஃபியா'வில் ராபர்ட் ஹூக் இதற்கென்றே பக்கங்கள் ஒதுக்கினார். அந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று என் மனைவியைக் கேள், அலுப்போடு சொல்வாள். துளிக்குள் பிளவு ஓடும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். அதே வேகத்தில் ஓடினால் ஒரு மீட்டர் கண்ணாடியைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பார்ப்பவர்கள் 'வெடித்தது' என்பது அதனால்தான். நீ வீட்டில் இதைச் செய்து பார்க்காதே. கண்ணில் தூள் போனால் உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

இணையத்தில் பொறுக்கிய நிக்கல் சல்ஃபைடு பற்றியும் எழுதியிருந்தாய். அது உண்மைதான். கண்ணாடிக்குள் சிக்கிய அந்தத் துகள், ஆண்டுகள் கழித்துக்கூட மெல்லப் பருத்து உடைக்கும். ஆனால் அந்தத் தொல்லை பெரும்பாலும் கட்டடங்களின் தடித்த கண்ணாடிக்குத்தான். வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது ஓரத்தை. கண்ணாடி மாற்றும்போது ஸ்க்ரூடிரைவர் பட்ட சில்லு, கோணலாகப் பொருத்திய சட்டம், டிக்கியை ஓங்கி அறைந்த அறை, சுரண்டிய பிளேடு. காயம் இன்று, உடைவு என்றைக்கோ. உடைந்த அன்றைய சாலைக் குழியோ வெயிலோ கடைசித் தட்டு மட்டும்தான். பழியை அதன் தலையில் போடுவது சோம்பேறித்தனம்.

இப்படிப் பொலபொலவென்று உடைந்தது உன் அப்பாவின் நல்லதுக்கே. கத்தி போன்ற சில்லுகளாக விழாமல் மழுங்கிய சிறு கட்டிகளாக உதிர்வதற்குத்தான் அப்படிச் செய்கிறார்கள். முன் கண்ணாடி வேறு சாதி: இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டுப்படலம் வைத்தது, விரிந்தாலும் கொட்டாது.

அப்பாவிடம் இதைச் சொல். சத்தம் கேட்டதும் சடாரென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை 16இல் பின்னால் வருவது எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுக டிரெய்லராக இருக்கலாம். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டர் விளக்குகளையும் போட்டு ஓரங்கட்ட வேண்டும். தூளைக் கையால் அள்ளக் கூடாது. பின்பக்கம் திறந்தபடி ஓட்டினால் சைலன்சர் புகை உள்ளே சுழன்று வரும். பக்க ஜன்னல்களை இறக்கிவிட்டு மெதுவாக அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் போகலாம். புதுக் கண்ணாடியின் மூலையில் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பொருத்தும்வரை கூடவே நிற்கச் சொல். ஓரத்தில் ஒரு சில்லு தெரிந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உன் பழைய இயற்பியல் வாத்தியார்,
திருவள்ளூர்