கசப்பு இலையும் புது அப்பிளும்

வெயில் காலத்துச் சலாட்டை யாரும் செய்துவிடலாம். ஜூலையில் ஒன்ராறியோச் சந்தைகளுக்கு வரும் லெட்டியூஸில் ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை; தண்ணீரும் மொறுமொறுப்பும்தான். தேசிக்காய்ப் புளியும் உப்பும் பட்டால் போதும். செப்டெம்பர் பிந்திவிட்டால் கதை வேறு. அப்போது நான் வாங்குவது கேல், அருகுலா, ராடிக்கியோ. ஒன்று தடிப்பு, ஒன்று காரம், ஒன்று நல்ல கசப்பு. பழத்தையும் சீஸையும் வறுத்த கொட்டையையும் இந்த இலைகளுக்குள் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. கசப்பை இனிப்பு அடக்கும், காரத்தைக் கொழுப்பு அடக்கும். இதைப் பிடித்துக்கொண்டபின் எனக்குச் செய்முறைப் புத்தகம் தேவைப்படவில்லை.

பின்வளவில் கேல் வைத்திருப்பவர்கள் ஒக்டோபரில் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். முதல் உறைபனிக்குப் பிறகு பறித்த இலையில் கசப்புக் குறைந்து மெல்லிய இனிப்பு ஒன்று வந்திருக்கும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடமுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. கடையில் வாங்குபவர்கள் சுருட்டை இலையைவிட, கடும்பச்சையில் நீளமாக இருக்கும் லசினாட்டோ வகையைத் தேடிப் பாருங்கள். பச்சையாகத் தின்ன அது மென்மையானது.

நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையை மெல்லிதாக அரிந்து, கொஞ்ச உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு இரண்டு நிமிடம் கையால் பிசைய வேண்டும். நிறம் கறுத்து, அளவு பாதியாக வற்றும். ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, “இது எங்கட வல்லாரைச் சம்பல்தானே பிள்ளை, தேங்காய்ப்பூவை மட்டும் காணேல்லை” என்றார். பிறகு கிட்ட வந்து பார்த்து, “இன்னும் நுணுக்கமா அரியும்” என்றார். இரண்டுமே சரியான பேச்சு. பச்சை இலையை உப்பும் புளியும் கொண்டு பதப்படுத்தத் தெரிந்த கைக்கு கேல் ஒரு புதினம் இல்லை. அருகுலாவை மட்டும் இப்படிப் பிசைந்துவிடாதீர்கள், கூழாகிவிடும்.

எந்த இலையானாலும் கழுவிய ஈரம் முற்றாகப் போக வேண்டும். ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாது. வழுகிப் பாத்திரத்தின் அடியில் போய் நிற்கும். மேலே இருப்பவருக்கு வெறும் புல்லும், கடைசியில் எடுப்பவருக்கு எண்ணெய்க் குளமும் கிடைக்கும். சுற்றி நீர் வடிக்கும் சலாட் ஸ்பின்னர் சமையலறையில் வீணாக இடம் பிடிக்கும் சாமான் என்று நினைத்தவள்தான் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது இல்லாதவர்கள் இலையைச் சுத்தமான பருத்தித் துவாயில் சுருட்டி உதறலாம்.

பழத்துக்கு வருவோம். இந்த மாகாணத்தின் சொந்த அப்பிள் மெக்கின்டொஷ். 1811இல் ஜோன் மெக்கின்டொஷ் என்ற விவசாயி கிழக்கு ஒன்ராறியோவில் டண்டெலாவுக்கு அருகே, தன் காணியில் தானாக முளைத்து நின்ற கன்றுகளிலிருந்து வந்தது. வாசத்துக்கு நிகர் இல்லை. ஆனாலும் சலாட்டுக்கு நான் அதை எடுப்பதில்லை, சதை சீக்கிரம் மாவாகிவிடும். அதன் பிள்ளையான கோர்ட்லன்ட் இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவான அந்த வகை, வெட்டிவைத்தாலும் நெடுநேரம் கறுக்காது. அது அகப்படாவிட்டால் ஹனிகிறிஸ்ப். விலை கூட, மொறுமொறுப்பும் கூட. கறுக்கும் வகைகளை ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துப் பத்து நிமிடம் போட்டு, அலசி எடுங்கள். தேசிக்காய்ப் புளி தடவினாலும் நிறம் நிற்கும், ஆனால் அப்பிளின் ருசி புளிக்குள் ஒளிந்துவிடும்.

பேரிக்காய் வேறு குணம். மரத்தில் பழுக்கவிட்டால் உள்ளே நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும் என்பதால் காயாகவே பறித்து விற்கிறார்கள்; பழுக்கவைப்பது எங்கள் வேலை. வயிற்றை அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. காம்புக்குக் கீழே கழுத்தில் பெருவிரலால் மெல்ல அமுக்க வேண்டும், இலேசாக இளகினால் அன்றே வெட்டலாம். சலாட்டுக்கு பொஸ்க் வகைதான் தோது, பழுத்தும் குலையாது.

சீஸில் என் கணக்கு எளிது. அப்பிள் என்றால் முதிர்ந்த செடர், பேரிக்காய் என்றால் ஆட்டுப்பால் சீஸ் அல்லது நீலம் பாரித்த புளூ சீஸ். செடரைத் துருவினால் இலையோடு பிசுபிசுவென்று ஒட்டும், ஆகவே தோல் சீவும் கருவியால் மெல்லிய ஏடுகளாகச் சீவுகிறேன். ஆட்டுப்பால் சீஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் உறைபெட்டியில் வைத்தபின் உதிர்த்தால் கையில் ஒட்டாமல் உதிரும். நான்கு பேருக்கு 60 கிராம் தாராளம். வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் வீட்டுக்கு வருவதானால் பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். பாலை உறையவைக்கும் ரெனெட் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இத்தாலியின் பர்மிஜானோ ரெஜானோவுக்குச் சட்டப்படி அதுதான் சேர்க்க வேண்டும். “மைக்ரோபியல் என்சைம்” என்று போட்டிருந்தால் பயமில்லை. கடைகளில் அப்படியான செடர் தாராளமாகக் கிடைக்கிறது. இதைச் சொல்லாமல் பரிமாறுவது நல்லதல்ல என்பது என் கருத்து.

வால்நட்டை 350 பாகை பரனைட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் வறுத்து, சூட்டோடு துவாயில் போட்டுத் தேய்த்தால் கசக்கும் தோல் பெருமளவு கழன்றுவிடும். ஏற்கெனவே இலை கசக்கிறது, கொட்டையும் சேர்ந்து கசக்க வேண்டுமா? பிள்ளைகள் வரும் இடத்துக்குக் கொட்டை ஒவ்வாமையை நினைத்துப் பூசணி விதை வறுத்துக்கொண்டு போவேன். காய்ந்த கிரான்பெர்ரி இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதில் சீனி சேர்த்துத்தான் வருகிறது. கூடினால் சலாட் தின்பண்டமாகிவிடும்.

டிரெஸ்ஸிங்கைக் கடையில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். ஒரு ஜாம் போத்தலில் அப்பிள் சைடர் வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, மேப்பிள் சிரப் ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. உப்புக் கரையும்வரை முதலில் இவற்றை மட்டும் குலுக்குங்கள், ஏனென்றால் எண்ணெயில் உப்புக் கரையாது. பிறகு ஒலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி விட்டு, மூடி இறுக்கி, பலமாகக் குலுக்க வேண்டும். கடுகு ருசிக்கு மட்டுமல்ல, எண்ணெயையும் புளியையும் சற்று நேரம் பிரியாமல் பிடித்துவைப்பதும் அதுதான். புளிப்பான அப்பிளுக்கு இந்த ஒன்றுக்கு மூன்று என்ற அளவு பொருந்தும். பேரிக்காயில் புளிப்பே இல்லாததால், அன்றைக்கு எண்ணெயை இரண்டு கரண்டியாகக் குறைக்கிறேன். மேப்பிள் சிரப் அசலாக இருக்கட்டும். “பான்கேக் சிரப்” என்று மலிவாக விற்கப்படுவது பெரும்பாலும் சோளப்பாகு.

கரண்டியால் நக்கிப் பார்த்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் கடும் புளிப்பாகத்தான் தெரியும். அதைக் கேட்டு இனிப்பைக் கூட்டினால் சாப்பாட்டு மேசையில் திகட்டும். சலாட்டில் போடப்போகும் இலை ஒன்றைத் தோய்த்துக் கடித்துப் பாருங்கள், தீர்ப்பு அங்கேதான்.

உள்ளி வாசம் வேண்டுமானால் ஒரு பல்லை நசுக்கி வினாகிரியில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள். பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு மேசையில் நாட்கணக்காக வைக்கும் பழக்கம் ஆபத்தானது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரும்.

இனிக் கலக்கும் ஒழுங்கு. அகன்ற பாத்திரத்தில் இலையை மட்டும் போட்டு, டிரெஸ்ஸிங்கில் பாதியை ஓரத்தால் விட்டு, கையால் பிரட்டுங்கள். இலை மினுங்க வேண்டும், ஒழுகக் கூடாது. போதாவிட்டால் மிச்சத்தை விடலாம், கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. பழமும் பாதிக் கொட்டையும் அடுத்து. சீஸையும் மிச்சக் கொட்டையையும் பிரட்டாமல் மேலே தூவ வேண்டும். ஆட்டுப்பால் சீஸை முதலே போட்டுப் பிரட்டினால் முழுச் சலாட்டும் வெள்ளை பூசிய சுவர்போல் ஆகிவிடும்.

ஒக்டோபர் இரண்டாம் திங்களில் வரும் நன்றிதெரிவிப்பு நாளுக்கு ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு போவது இங்கே வழக்கம். அதற்கு கேல்தான் கைகொடுக்கும். வீட்டிலேயே டிரெஸ்ஸிங் விட்டு இரண்டு மணி நேரம் காரில் வைத்துக்கொண்டு போனாலும் ருசி கூடுமே தவிர வாடாது. அருகுலாவானால் போத்தலைத் தனியே கொண்டுபோய், எல்லோரும் தட்டு எடுத்தபின் கலக்குங்கள். இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் தண்ணீரை விடாது, ஆனால் எண்ணெய் அதற்குள் ஊறிவிடும். கால் மணி நேரத்தில் இலை துவண்டு போகும்.

மிஞ்சிய அருகுலாச் சலாட் பச்சைக் குப்பைத் தொட்டிக்குத்தான். மிஞ்சிய கேலைப் பிழிந்து, இன்னும் கொஞ்சம் செடர் வைத்து, இரண்டு பாண் துண்டுகளுக்கு இடையில் தோசைக்கல்லில் அமத்திச் சுட்டால், சலாட்டைத் திரும்பியும் பாராத பிள்ளைகள் அடுத்தநாள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.