டப்பாவைத் திருப்பிப் பார்

அன்புள்ள யாழினிக்கு,

அக்காவுக்குச் சுகர் என்று தெரிந்ததும் திருவொற்றியூர் வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். "இயற்கையானதுதானே மாமா?" என்று கேள்வி வேறு. நல்ல எண்ணம்தான், பலன் இல்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ். கிராமுக்கு ஏறக்குறைய அதே 4 கலோரி. கூடுதலாகக் கொஞ்சம் இரும்புச்சத்து கிடைக்குமாம். அதை முருங்கைக்கீரையில் வாங்கிக்கொள்ளலாம்.

இயற்கையிலிருந்து வந்து கலோரியும் இல்லாதது என்றால் ஸ்டீவியா. நம்மூரில் சீனித்துளசி என்கிறார்கள். பராகுவே நாட்டுச் செடி. அங்கே குவாரனி மக்கள் காலங்காலமாகப் பானங்களில் அந்த இலையைப் போட்டுக் குடித்தவர்கள். இலையிலிருந்து பிரித்தெடுத்த இனிப்புப் பொருளை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் அனுமதித்தது.

அது சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். வம்பு அங்கேதான். ஒரு டீக்கு வேண்டியது ஒரு மிளகின் எடைகூட இராது. அதை எப்படி ஸ்பூனில் அள்ளுவது? ஆகவே அளவைக் கூட்ட வேறு பொடியைக் கலந்து விற்கிறார்கள். முன்பக்கம் பச்சை இலைப் படம் இருக்கும். டப்பாவைத் திருப்பு. எது எடையில் அதிகமோ அதன் பெயர்தான் பட்டியலில் முதலில் வரும். அங்கே டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் வைத்துவிட்டு வா. இரண்டும் சுகரை ஏற்றுபவை. எரித்ரிட்டால் என்று இருந்தால் சுகர் ஏறாது, ஆனால் அதிகமானால் வயிறு உப்பும். ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. காரணமே அதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. இருந்தாலும் அக்காவுக்கு பிரஷரும் இருப்பதால் நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

ஸ்டீவியாவில் லேசான கசப்பு பின்னால் வரும். டீயிலும் பாயசத்திலும் சமாளிக்கலாம். அதிரசத்துக்கு ஆகவே ஆகாது. பாகு பதம் வராது, மாவு பிடிக்காது.

இதெல்லாம் அக்காவுக்கு. உடம்பு இளைக்க ஸ்டீவியா உள்ளிட்ட மாற்று இனிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது, ஏற்கெனவே சுகர் உள்ளவர்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு. உன் அப்பா எண்ணூரில் ஷிப்டுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம். ஒரு நாளைக்கு அந்த நிறுவனம் வைக்கும் உச்சவரம்பே ஏறத்தாழ அவ்வளவுதான். அவர் டப்பா எதுவும் வாங்கவேண்டாம். "சக்கரை கம்மியா" என்று மாஸ்டரிடம் சொல்லட்டும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

எதை வாங்கினாலும் அடுத்த செக்கப்புக்கு ராயபுரம் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போ. 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனி கிளினிக் தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன் நிறுவிய மருத்துவமனை அது. உணவு ஆலோசகரிடம் காட்டிக் கேள்.

இன்னொன்று. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். அப்போது ஸ்டீவியா உதவாது. மூன்று ஸ்பூன் நிஜச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடு. ஆகவே அந்த வெள்ளைச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. சமையல்கட்டில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா