தலையில் ஷண்ட் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்

மூளைக்குள் தேங்கும் நீரை வயிற்றுக்குள் இறக்கிவிடும் மெல்லிய சிலிக்கோன் குழாய்தான் ஷண்ட். அடைப்புக்கு அடுத்தபடியாக அதற்கு நேரும் பெரிய தொல்லை கிருமித்தொற்று. பெரும்பாலும் குழாய் வைத்த முதல் ஆறு மாதத்துக்குள் வரும். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி, அறுவையின்போதே குழாயில் ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம். ஆகவே "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்று எந்தத் தாயும் மருக வேண்டாம். தாமதிக்காமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

• அறுவைக்கு முன்பே, ஆன்டிபயாடிக் தோய்ந்த குழாய் கிடைக்குமா என்று கேளுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுமார் 1,600 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. மருந்து தோய்ந்த குழாயில் அது 2 சதவீதம். வெள்ளி கலந்த குழாயால் பலன் தெரியவில்லை.

• தினமும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், காதுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை குழாய் போகும் தடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தையலில் தண்ணீர் போலக் கசிந்தாலும் அப்படியே. அது மூளைநீராக இருக்கலாம்.

• காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அறுவை செய்த பிரிவுக்கே போன் போடுங்கள். காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். ஓயாத அழுகை, வாந்தி, பால் மறுப்பது, தட்டி எழுப்பினாலும் தூங்கி விழுவது, உச்சிக்குழி புடைப்பது எல்லாமே அடையாளங்கள். சில பிள்ளைகள் வயிற்றுவலி மட்டும் சொல்வார்கள். குழாயின் மறுமுனை அங்கேதானே இருக்கிறது.

• டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி ஸ்கேனும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• "பல் முளைக்கிறது", "மாந்தம்", "ஊசி போட்ட காய்ச்சல்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். உரம் எடுக்கிறேன் என்று யாராவது குழந்தையைத் தலைகீழாகப் பிடிக்க வந்தால், பெரியவர்களே ஆனாலும் தடுத்துவிடுங்கள்.

• போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்காதீர்கள். கிருமி குழாயின் மேல் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும். சிரப் அங்கே எட்டாது. காய்ச்சல் மட்டும் தற்காலிகமாக இறங்கும், மூளைநீரை எடுத்துக் கல்ச்சர் பார்த்தாலும் கிருமி பிடிபடாமல் போகும். கெடுதல்களிலேயே பெரியது இதுதான்.

• தையல் மேல் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம். அரைஞாண் கயிறு வயிற்றுத் தையலில் உரசினால் அவிழ்த்துவிடுங்கள். மொட்டை அடிப்பதை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். குழாயோடு இருக்கும் வால்வுக்கு மேலுள்ள தோலில் கத்தி கீறினால் கிருமிக்கு வாசல் திறந்தாயிற்று. குலதெய்வம் காத்திருக்கும்.

• அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடுவதைத் தடுக்காதீர்கள். ஷண்ட் தொற்று ஒட்டுவாரொட்டி அல்ல.

தொற்று உறுதியானால் பெரும்பாலும் பழைய குழாயைக் கழற்றி, நீர் வெளியே ஒரு பையில் வடியும்படி வைத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். அந்தப் பை இருக்கும் உயரத்தைப் பொறுத்துத்தான் நீர் வடியும். கட்டிலையோ பையையோ நர்ஸிடம் சொல்லாமல் ஏற்றி இறக்காதீர்கள். கல்ச்சரில் கிருமி போய்விட்டது என்று தெரிந்த பிறகே புதுக் குழாய். ஓரிரு வாரமாவது ஆகும், மாற்றுத்துணியோடு கிளம்புங்கள்.