எடை குறையாத மாதங்களில் சோர்ந்துபோகாதிருக்க



உடல் எடையைக் குறைக்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்தில் உற்சாகமாயிருப்பார்கள். இரண்டு, மூன்று கிலோ குறைந்திருக்கும். சில மாதங்கள் சென்றபின் எடை காட்டும் முள் ஒரே இடத்தில் நின்றுவிடும். "இத்தனை பாடுபட்டும் பயனில்லையே" என்று பலர் கைவிடுவது அப்போதுதான்.

எடை ஏன் நிற்கிறது? தொடக்கத்தில் குறைந்ததில் ஒரு பங்கு உடலில் தங்கியிருந்த நீர். மேலும், மெலிந்த உடலுக்கு முன்னைவிடக் குறைந்த சக்தியே போதும். ஆகவே அதே உணவும் அதே நடையும் முன்போல் எடையைக் குறைப்பதில்லை. இது உடலின் இயல்பு, உங்கள் தோல்வியன்று.

தஞ்சை மாவட்டத்தில் நமக்கு இன்னொரு காரியமும் உண்டு. ஏரோட்டமும் நடவும் கதிரறுப்பும் ஒருகாலத்தில் நாம் உண்ட சோற்றைச் செலவழித்தன. இன்று அவ்வேலைகளில் பலவற்றை இயந்திரங்கள் செய்கின்றன. பல வீடுகளில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நம்பிக்கையூட்டுகிறது. நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேர் அதில் பங்குபெற்றனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினமும் நடந்தவர்களில் ஏறக்குறைய 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் இவர்களின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை! முள் அசையாத நாட்களிலும் உள்ளே நன்மை நடக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. வாரம் ஒருமுறை மட்டும், காலையில் எடை பாருங்கள்.

2. மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80க்கும் குறைவாயிருப்பது நல்லது.

3. முதல் இலக்கு சிறிதாயிருக்கட்டும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராக உதவும்.

4. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையோ காய்கறியோ வையுங்கள். தினமும் 30 நிமிடம் நடங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் நடை தடைப்படாது.

5. பண்டிகை விருந்தில் கூடுதலாக உண்டுவிட்டால், மறுநாள் காலையே பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். பட்டினி கிடக்க வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக்கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும்.

நாற்று நட்டவர் மறுவாரமே கதிரைத் தேடுவதில்லை. நீண்டகாலச் சம்பாவுக்கு ஐந்து மாதமும் காத்திருக்கிறார். அதுவரை நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் நிற்பதில்லை. நாமும் அவ்வாறே இன்றைய நடையை இன்று நடப்போமாக.