எழுத்தில் கேளுங்கள்: குற்றவியல் வழக்கறிஞரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களை ஒருசேர வைத்துப் படித்தேன். பைக்கைத் தொலைத்தவர், செக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், மகனைப் போலீஸ் அழைத்துப்போனதால் தூக்கம் இழந்த தாய். எந்த வீட்டுக்கும் என்றைக்கும் வரக்கூடிய சங்கடங்கள்தான். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ். என்ற சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற சட்டமும் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. அடிப்படை உரிமைகள் மாறவில்லை. கீழே வரும் பிரிவு எண்கள் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் எண்கள்.

கேள்வி: நேற்று இரவு 11 மணிக்கு 'சும்மா விசாரணைதான்' என்று சொல்லி என் மகனை அழைத்துப் போனார்கள். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அம்மா, முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த வண்டி, எத்தனை பேர், சீருடையில் இருந்தார்களா, யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

பிடித்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் ஒருவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவும் பி.என்.எஸ்.எஸ். 58-ம் இதைத்தான் சொல்கின்றன. ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதற்கும் விலக்கு இல்லை. விடுமுறை என்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே அழைத்துப்போவார்கள். 'அரெஸ்ட் பண்ணவில்லை' என்று வாயால் சொல்வதால் இந்தக் கடிகாரம் நின்றுவிடாது. வெளியே போக விடாமல் வைத்திருந்தாலே அது காவல்தான்.

கைது என்றால் நேரமும் தேதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ, அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதிகள் இன்று சட்டத்திலேயே இருக்கின்றன.

ஸ்டேஷன் வாசலிலேயே காத்திருந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள். மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதானவர்களின் விவரம் அங்கே இருக்க வேண்டும் என்கிறது 37-வது பிரிவு. எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி நேரில் கொடுத்து, நகலில் முத்திரையோடு தேதி வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். 24 மணி நேரம் தாண்டியும் மகன் எங்கே என்று தெரியாவிட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

இன்னொன்று. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது 'யாராவது அடித்தார்களா?' என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பயத்தில் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டாம் என உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். காயம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும், ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்ட் நேரத்துச் சில நிமிடங்கள் ஓர் உயிரின் விலை கொண்டவை. அதை வெறும் சடங்காகக் கடந்துபோக யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 62 வயது. பனியன் கம்பெனி நடத்துகிறேன். பழைய பங்குதாரர் கொடுத்த புகாருக்காக ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. 'வந்துட்டுப் போங்க' என்கிறார்கள். போக வேண்டுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஐயா, 'எந்த வழக்கு, நான் சாட்சியா, எதிர்மனுதாரரா?' என்று கேளுங்கள். கூடவே, 'எழுத்தில் சம்மன் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன்' என்று பணிவாகச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது ஒத்துழைக்க மறுப்பது ஆகாது.

சாட்சி என்றால், 60 வயது கடந்தவரையும் பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179).

உங்கள் மீதே குற்றச்சாட்டு, அதற்கான தண்டனை ஏழு ஆண்டு வரைதான் என்றால், உடனே கைது செய்யத் தேவையில்லாத நிலையில் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். உங்களுக்கு 60 தாண்டிவிட்டதால், மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது.

முறையான நோட்டீஸ் கைக்கு வந்தபின் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. சொன்ன தேதியில் போங்கள். போனதற்கு அத்தாட்சி வாங்குங்கள். போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடச் சொல்லக்கூடாது என்பதே சட்டம் (பிரிவு 181). வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பங்குதாரருக்குப் பணம் வரவேண்டும் என்றால் அதை வசூலிக்க சிவில் நீதிமன்றம் இருக்கிறது. ஸ்டேஷன் கட்டப்பஞ்சாயத்துக்கான இடம் அல்ல.

கேள்வி: என் பைக் திருட்டுப் போனது. புகாருக்கு சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். மூன்று வாரமாக 'பார்க்கலாம்' என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. இரண்டும் ஒன்றா?
– ஒரு கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: ஒன்றல்ல, தம்பி. சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நம் ஊர் ஸ்டேஷன்களில் தரும் ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் வழக்கு பிறக்கிறது. பைக் திருட்டு போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்பது 2013-ல் லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு. புதிய சட்டம் சில வகைக் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அதற்கும் 14 நாள்தான். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

சி.எஸ்.ஆர். நகலை இணைத்து எஸ்.பி.க்கு விரைவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால், பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். அதற்குப் பணம் கேட்டால் தராதீர்கள். திருட்டு வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

கேள்வி: வட்டிக்கு 50,000 வாங்கியபோது கையெழுத்து மட்டும் போட்ட செக்கைக் கொடுத்தேன். இப்போது அதில் 5 லட்சம் என்று எழுதி, செக் திரும்பிவிட்டதாக வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீஸ் கைது செய்யுமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: செக் வழக்கு போலீஸ் வழக்கு அல்ல. கடன் கொடுத்தவர் நேரடியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடும் தனிநபர் வழக்கு. ஆனால் சம்மன் வந்தும் வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும்; அப்போது போலீஸ் வரும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு 15 நாள் இருக்கிறது. அதற்குள் பணம் தராவிட்டால் அவர் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். இந்த 15 நாளில் பலர் செய்யும் தவறு, நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், வாங்கிவிட்டுப் பேசாமல் இருப்பதும். பதில் நோட்டீஸ் கட்டாயம் அனுப்புங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது, எவ்வளவு திருப்பிக் கட்டினீர்கள் என்பதை அதில் சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். தொகையை வேறொருவர் எழுதினார் என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்க ஆதாரம் வேண்டும்: வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிபே பதிவு, வட்டி கட்டிய சீட்டு, எதுவானாலும். அநியாய வட்டி என்றால், 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் நீங்களும் புகார் தரலாம்.

கேள்வி: வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், 'உங்கள் ஆதாரில் போதைப் பார்சல் வந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள்' என்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: முழுப் பொய், அம்மா. போன் வழியாகக் கைது செய்ய எந்தச் சட்டமும் இல்லை. எந்த அதிகாரியும் 'சரிபார்க்க' என்று பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போய்விட்டது என்றாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு பணத்தை முடக்கிவைக்க வழி உண்டு.

கேள்வி: என் கணவருக்கு ஜாமீன் கிடைத்து 12 நாள் ஆகிறது. சொத்து உள்ள இரண்டு பேர் கையெழுத்துக்கு வரவில்லை. இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார்.
– கூலித் தொழிலாளியின் மனைவி, தூத்துக்குடி

பதில்: அம்மா, உங்கள் கணவரை இப்போது உள்ளே வைத்திருப்பது வழக்கு அல்ல, வறுமை. இது சட்டத்துக்கு உடன்பாடானது அல்ல. 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். வேறு மாவட்டத்தில் இருந்த சகோதரரின் உத்தரவாதத்தை ஏற்கவில்லை. ஏழையின் சக்திக்கு மீறிய தொகை கேட்பதும், வெளி மாவட்டத்தார் என்று ஜாமீன்தாரரை மறுப்பதும் தவறு என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

2023-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழி திறந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளிவரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே தூத்துக்குடி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகத்துக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு அவர் மனு போடுவார். ஜாமீனில் விடக்கூடிய சாதாரணக் குற்றம் என்றால், ஒரு வாரத்துக்குள் உத்தரவாதம் தர முடியாதவரை ஏழை என்றே கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது 478-வது பிரிவு.

கணவர் வெளியே வந்ததும் ஒரு எச்சரிக்கை. 'தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து' என்று நிபந்தனை இருந்தால் ஒரு நாளும் விடக்கூடாது. வேலைக்குப் போக முடியவில்லை என்றால், தளர்த்தக் கேட்டு மனு போடுங்கள். நீங்களாகவே நிறுத்தினால் ஜாமீன் ரத்தாகும்.

கேள்வி: கோயில் திருவிழா தகராறில் என் மீது ஒரு கேஸ் இருக்கிறது. 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டு, முடிந்துவிடும்' என்கிறார்கள். போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். விண்ணப்பத்தில் கேஸைச் சொல்ல வேண்டுமா?
– ஒரு இளைஞர், தருமபுரி

பதில்: தம்பி, ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் கேஸ் முடியும், ஆனால் தண்டனை பெற்றவர் என்ற பதிவு உங்கள் பெயரில் நிற்கும். 500 ரூபாயில் முடிந்ததாக நினைப்பது வேலைச் சரிபார்ப்பில் எழுந்து நிற்கும். எதிர்த்தரப்போடு சமாதானம் ஆகக்கூடிய பிரிவாக இருந்தால், நீதிமன்றம் மூலமாகவே சமரசம் செய்யுங்கள். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னவரின் வழக்கை அதிகாரிகள் தகுதி பார்த்து முடிவு செய்யலாம். மறைத்தவரை மறைத்த காரணத்துக்காகவே நீக்கலாம். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த வழி இது. காவல் துறை வேலையில் இந்தப் பார்வை இன்னும் கடுமையானது என்பதால், தேர்வுக்கு முன்பே வழக்கை முடிக்கப் பாருங்கள்.

கேள்வி: தப்பு செய்தவன் என்று தெரிந்தும் அவனுக்காக வாதாட உங்கள் மனம் எப்படி ஒப்புகிறது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி. உங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்றே இதற்குப் பதில். கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வந்தபோது, அந்தப் போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்று 2010-ல் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதாட ஆள் வேண்டும் என்ற உரிமை அன்று சீருடை போட்டவர்களுக்குத் தேவைப்பட்டது. நாளை யாருக்குத் தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. குற்றம் செய்தாரா என்று முடிவு சொல்வது நீதிபதியின் வேலை. அந்த முடிவு ஆதாரத்தின் மீது நிற்கிறதா என்று கேட்பது என் வேலை. அப்படிக் கேட்க ஆள் இல்லாத நீதிமன்றத்தில் முதலில் மாட்டிக்கொள்பவர் நிரபராதிதான்.

இந்தக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சம்மன், ரசீது, கைதுக் குறிப்பு, எஃப்.ஐ.ஆர். நகல் எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்று உரிமையை விட்டுவிடாதீர்கள். 15100 என்ற எண்ணை இன்றே உங்கள் போனில் பதிந்துவையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.