நகர்மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19, சனிக்கிழமை. ஆரணியில் எங்கள் தெருவில் அன்று காலை தறிச் சத்தம் குறைவாக இருந்தது. ஆயாவைக் கைப்பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றவன் நான். அப்பொழுது நான் பள்ளி மாணவன். வாக்குரிமை இல்லாத காரணத்தால் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே சென்ற ஆயா வெகுநேரம் வரவில்லை. பிறகு விசாரித்ததில், ஒரு பொத்தானை அழுத்திய பின் இரண்டாவது இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"இன்னா சார், மெம்பருக்குப் போட்டாச்சு. சேர்மனுக்கு எங்க போடறது?"

"இந்த வாட்டி ஒண்ணுதாம்மா" என்றாராம் அலுவலர்.

ஆயா கேட்டது தவறான கேள்வியன்று. 2011-ல் அவர் இரண்டு வாக்குகள் அளித்திருக்கிறார்: வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று. பத்தாண்டுக்குமேல் கழித்து மீண்டும் தேர்தல் வந்தபொழுது ஒரு வாக்கு காணாமற் போயிருந்தது. அதை எடுத்தவர் யார், எப்பொழுது, எதற்காக என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் கல்லூரிக்கு வந்த பின்னர், பொது நூலகத்தில் படித்தும் அரசியல் அறிவியல் பயிலும் நண்பர்களுடன் வாதிட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். கணிதம் படிப்பவனுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டா. இதில் கணக்கும் உண்டு.

முதலில் அரசியலமைப்பைப் பார்ப்போம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இட ஒதுக்கீடு ஆகியவற்றை உறுதி செய்தது. (தமிழ்நாடு 2016-ல் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது.) வார்டு உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் திட்டவட்டமாகக் கூறுகிறது. ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்று 243-ஆர் பிரிவு விட்டுவிட்டது. ஆயாவின் இரண்டாவது வாக்கு நழுவியது இந்த இடைவெளியில்தான்.

சென்னை மாநகராட்சியின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும். 1996-லும் 2001-லும் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாக மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006-ல் முறை மாறியது, மா. சுப்பிரமணியனை மன்ற உறுப்பினர்களே மேயராக்கினர். 2011-ல் மீண்டும் நேரடித் தேர்தல். சைதை துரைசாமி வென்றார். 2016 ஜூனில் மேயர்களை மன்றமே தேர்ந்தெடுக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. 2018-ல் நேரடித் தேர்தலுக்குத் திரும்பினர். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் எல்லாருக்கும் மறைமுகத் தேர்தல் என்றாயிற்று. 2016-க்கும் 2019-க்கும் இடையில் நகர்ப்புறத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்டம் ஆடாமலே விதியை மூன்று முறை மாற்றிய விந்தை இது. 2006 முதல் நடந்த மாற்றங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரு பெரிய கட்சிகளுக்கும் பங்குண்டு. ஆகையால் ஒருவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி நம் நாட்டில் மிகப் பழையது. 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும், அதையொட்டி 1884-ல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் நம் சிற்றூர்களுக்குத் தேர்தலைக் கொண்டுவந்தன. ஆனால் வாக்குரிமை வரி செலுத்துவோருக்கும் சொத்துடையோருக்குமே இருந்தது. எங்கள் பாட்டன் போன்ற கூலி நெசவாளருக்கு அதில் இடமேது? ஆயினும் அந்தக் குறுகிய மன்றங்களிலிருந்துதான் பெரிய தலைவர்கள் வந்தார்கள். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவர் பெரியார். 1939-ல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி நகரின் குடிநீருக்காகப் பாடுபட்டதன் பலனே பூண்டி நீர்த்தேக்கம். 1944-ல் அது முடிந்தபொழுது அவர் உயிரோடு இல்லை. நகராட்சிப் பதவி அந்நாளில் சிறிய பதவியாகக் கருதப்படவில்லை என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிட்டேன்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

ஆரணி நகராட்சியில் 33 வார்டுகள். மன்றமே தலைவரைத் தேர்ந்தெடுப்பதானால் 17 உறுப்பினர்கள் போதும். ஒவ்வொரு வார்டிலும் சரியாக 1,000 வாக்குகள் பதிவாகின்றன என்றும், எங்கும் இரு கட்சிகளே போட்டியிடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். முதற்கட்சி 17 வார்டுகளில் 501 வாக்குகள் வீதம் பெற்று வெல்கிறது. மற்ற 16 வார்டுகளில் ஒரு வாக்குகூடப் பெறவில்லை. அதன் மொத்தம் 8,517. எதிர்க்கட்சியின் மொத்தம் 24,483. ஆனால் தலைவர் பதவி முதற்கட்சிக்கே! அதாவது நூற்றுக்கு 26 பேரின் ஆதரவுகூட இல்லாமல் ஒருவர் தலைவராகலாம். நடைமுறையில் இவ்வளவு கோணலாக எந்த ஊரும் வாக்களிக்காது; நான் காட்டியது எல்லைக்கோடு மட்டுமே. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குள் என்னென்ன நடக்கலாம் என்பதும் தெரியும். மும்முனை, நான்முனைப் போட்டி என்றால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

அப்படியானால் நேரடித் தேர்தலே சிறந்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் வாதிட்டேன். விடுதி அறையில் ஒரு நண்பன் அதே கரும்பலகைக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டினான். நான்கு பேர் தலைவர் பதவிக்கு நிற்கிறார்கள். நூற்றுக்கு 30, 28, 22, 20 என்று வாக்குகள் பிரிகின்றன. முப்பது பெற்றவர் தலைவர். மன்றத்திலோ 33 பேரில் 20 பேர் வேறு கட்சியினர். வரவு செலவுத் திட்டமும் பணித் தீர்மானங்களும் மன்றத்தின் பெரும்பான்மையால் நிறைவேற வேண்டும். தலைவர் ஒரு பக்கம் இழுக்க, மன்றம் மறுபக்கம் இழுக்கும். மறைமுகத் தேர்தலை ஆதரிப்போர் கூறும் காரணம் இதுவே. அதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனாலும் மறைமுகத் தேர்தலில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை 2022 மார்ச் 4 காட்டியது. தமிழகமெங்கும் 12,838 வார்டுகளுக்கு நடந்த தேர்தலுக்குப் பின், அன்றுதான் மேயர்களையும் தலைவர்களையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். சென்னைக்கு முதன்முதலாக ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண், 28 வயதான ஆர். பிரியா மேயரானார், இது மகிழத்தக்கது. அதே நாளில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றை ஆளுங்கட்சியினரே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டனர். அவர்கள் பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைமையே அறிக்கை விட நேர்ந்தது. இன்ன ஊர்த் தலைவர் பதவி இன்ன கட்சிக்கு என்பது வாக்கு எண்ணி முடிந்த பிறகே பேசி முடிக்கப்பட்டது. வாக்களித்தவர் அதை மறுநாள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்.

தேர்ந்தெடுத்தவரே நீக்கவும் முயல்வர். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் பதவி விலகினர். அதே மாதம் நம்மைப் போன்ற பட்டு நகரமான காஞ்சிபுரத்தில், மேயர்மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், வாக்களிக்க உறுப்பினர்கள் வராமையால் தோற்றது. இதிலெல்லாம் மக்கள் பார்வையாளர்களே.

பிற நாடுகளில் எப்படி? அமெரிக்காவை எடுத்துக்கொண்டேன், அங்கே ஒரே விதி என்பதே இல்லை என்று கண்டு வியந்தேன். நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரங்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர்; நிர்வாக அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்துச் சிறிய நகரங்கள் பலவற்றில் மன்றத்திற்கு ஐந்தே உறுப்பினர்கள். மேயர் பதவி ஆண்டுதோறும் அவர்களுக்குள் முறைவைத்துச் சுற்றிவருகிறது. ஒகாயோ மாநிலத்து டேட்டன் நகரில் 1913 மார்ச்சில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பழைய நிர்வாகத்தின்மீது மக்கள் நம்பிக்கை இழந்து, பயிற்சி பெற்ற ஒரு நகர மேலாளரை மன்றமே சம்பளத்திற்கு அமர்த்தும் முறையை 1914-ல் நடைமுறைப்படுத்தினர். அம்முறை பின்னர் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது.

உறுப்பினர் எண்ணிக்கையிலும் வேறுபாடு மிகுதி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏறத்தாழ 39 இலட்சம் மக்கள். மன்ற உறுப்பினர்கள் 15 பேர்தான். ஓர் உறுப்பினருக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர்! 2011 கணக்கெடுப்பின்படி ஆரணியில் 63 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு 33 உறுப்பினர்கள். தலைக்கு 1,900 பேர் அளவில் வருகிறது. நம் உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கு நாம் நடந்தே போகலாம். இந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் டேட்டனுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே மேலாளரை நியமிப்பதும் நீக்குவதும் மன்றம். இங்கே ஆணையாளரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. தீர்மானம் போடுவது மன்றம். கோப்பை நடத்துவது ஆணையாளர். பணத்தின் பெரும் பகுதியை விடுவிப்பது அரசு. 74-ஆவது திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணை 18 துறைகளை நகராட்சிக்குரியனவாகப் பட்டியலிட்டாலும், அவற்றில் எவ்வளவைக் கொடுப்பது என்பதும் மாநிலத்தின் விருப்பமே.

இது ஏட்டுப் பேச்சன்று. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு வந்தது. அப்பா அறிவிப்பை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் நாலெழுத்துப் படிக்கிற வேலை அப்பொழுதே என் தலையில் விழுந்துவிட்டது. "நம்ம மெம்பர் ஏத்துனதா இது? ஒரு மாசம்கூட ஆவலியே" என்றார். விடை எனக்குத் தெரியவில்லை. இப்பொழுது தெரியும். 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்குமேல் 100 என்ற அளவுகளை வகுத்தது மாநில அரசு. உள்ளாட்சி மானியம் வேண்டுமானால் சொத்துவரியைச் சீராக்க வேண்டும் என்ற பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. புதிதாகப் பதவியேற்ற மன்றங்கள் அதைத் தீர்மானமாக நிறைவேற்றின. எங்கள் வீடு முன்கூடத்தில் குழித்தறியையும் சேர்த்தே 600 அடிக்குள் அடங்கிவிடும். ஆகவே 25 விழுக்காடு. டில்லியில் ஒரு குழு, சென்னையில் ஓர் ஆணை, ஆரணியில் ஒரு தீர்மானம் என்று மூன்று படி இறங்கி வந்த தொகை அது. அப்பாவிடம் அன்று நான் "ஆமாம்" என்று சொல்லியிருந்தாலும் பொய், "இல்லை" என்று சொல்லியிருந்தாலும் பொய்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைவிட எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீட்டு முறை குறித்த வழக்கில் அம்மாதத் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. வார்டு மறுவரையறை, மேலும் வழக்குகள், பிறகு பெருந்தொற்று என்று காலம் ஓடி, 2022 மார்ச்சில்தான் மன்றங்கள் மீண்டும் கூடின. இடையில் ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்கள் ஆட்சி. அதற்கு முன்னும் 1986-க்கும் 1996-க்கும் இடையே தேர்தலே இல்லை. சென்னை மாநகராட்சி மன்றமோ 1973-ல் கலைக்கப்பட்டு 1996 வரை கூடவேயில்லை. நேரடியா மறைமுகமா என்று நாம் வாதிடுகிறோம். மன்றமே இல்லாத ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் அந்த வாதம் சிறுத்துப் போகிறது. இல்லாத தலைவரை எந்த முறையில் தேர்ந்தெடுத்தால்தான் என்ன?

இதையெல்லாம் சென்ற பொங்கல் விடுமுறையில் வீட்டில் சொன்னேன். 8,517 கணக்கைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டினேன். அப்பா தறிக் குழியில் கால் வைத்தபடியே கேட்டார். ஆயாவுக்குக் கணக்கு பிடிபடவில்லை. 17 பேர் என்பது மட்டும் மனத்தில் நின்றது. "அந்தப் பதினேழு பேருல நம்ம வார்டு மெம்பர் ஒருத்தர்னா, அவரைக் கேட்டா சேர்மனைக் கேட்ட மாதிரிதானே?" என்றார். நான் மூன்று பக்கம் எழுதியதை ஆயா ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

2022-ல் நகர்ப்புறங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகள் விதிகளாக வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை போல, தெருவிலுள்ளோர் நேரில் பேசலாம். சொத்துவரித் தீர்மானத்தின்போது நம் உறுப்பினர் என்ன பேசினார் என்பதை அங்கே கேட்கலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். கேட்கலாம் என்றேன். அடுத்த கூட்டம் கூடும் தேதியை விசாரித்து எழுதும்படி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அரை நாள் தறி நிற்கும். அந்தக் கூலிக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.