மாறாத நாளையும் எழுதி வை

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

பிளேசார்களை ரேடியோவில் கண்காணிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். கருந்துளைக்கு அருகிலிருந்து கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பீறிடும் தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால் அதுதான் பிளேசார்; அதன் பிரகாசம் ஏறும், இறங்கும். சில சமயம் மாதக்கணக்கில் அசையாமலும் கிடக்கும். அந்த மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும்.

அப்போது பி.கே.எஸ். 2131-021 என்ற பிளேசாரை நினைத்துக்கொள். கலிபோர்னியாவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் 40 மீட்டர் தொலைநோக்கி 2008 முதல் எடுத்த அளவுகளில், அது சைன் வளைவாக ஏறி இறங்கியது. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா? தற்செயலாகவும் அப்படித் தெரியலாமே! ஆய்வாளர்கள் மிச்சிகன், ஹேஸ்டாக் தொலைநோக்கிகளின் பழைய அளவுகளைத் தேடி எடுத்தார்கள். 1970களின் பிற்பகுதியிலும் ஏறத்தாழ அதே தாளம்; நடுவே சுமார் 20 ஆண்டுகள் அது இல்லை. 2022இல் இது கட்டுரையாக வந்தது. பழைய எண்களைக் குறித்தவர்கள் இதற்காகக் குறிக்கவில்லை. ஆனால் நம்பும்படி குறித்திருந்தார்கள்.

எனவே பிளேசாரை அளக்கும் அதே அக்கறையோடு 3சி 286 போன்ற நிலையான காலிபிரேட்டரையும் அள. காற்றில் டிஷ்ஷின் குறி சற்று விலகினாலே பிரகாசம் குறைந்ததுபோல் தெரியும். காற்று, மழை, ரிசீவர் மாற்றிய தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறட்டும். பிழை வரம்பில்லாமல் ஓர் எண்ணையும் எழுதாதே. பிடிக்காத புள்ளியை அழிக்காதே. சந்தேகம் ஏன் என்று பக்கத்தில் எழுது.

ஊட்டிக்குப் போனால் முத்தோரைத் தொலைநோக்கியை நின்று பார். கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்திருப்பதால், நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ஆனால் அது கேட்கும் 327 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலெக்ட்ரான் கூட்டங்களும் மூலத்தை மினுங்க வைக்கும். பிரகாசம் மாறியதும் தாரைதான் மாறியது என்று எழுதிவிடாதே. உயர் அலைவெண்ணிலும் பார்த்துவிட்டுச் சொல்.

இப்படிக் குறித்து வைப்பதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் தொடங்கிய வானாய்வகத்தில் ஜான் ஆலன் பிரவுன் காந்த ஊசியின் விலகலை அளக்க ஏற்பாடு செய்தார். அகத்தியமலையிலும் ஒரு நிலையம் வைத்தார். 1852 முதல் 1869 வரையான அளவுகள் 1874இல் நூலாயின. அதனால்தான் இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது.

முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு சோதனை செய். பதிவேட்டை மட்டும் ஒரு ஜூனியரிடம் கொடு. உன்னிடம் எதுவும் கேட்காமல் வளைவை வரையட்டும். உன் வளைவோடு அது ஒத்துப்போனால், வேலை கைவந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணன்